மணியின் கிழிந்த காது: நாய் முகத்தை வாழ்த்து அட்டையில் தைப்பது எப்படி

என் தம்பி வீட்டு நாய்க்கு மணி என்று பெயர். களக்காட்டுப் பக்கம் அவன் வாழைத் தோட்டத்துக்குக் காவல். கன்னி என்கிற வேட்டை நாய் இனமும் நாட்டு நாயும் கலந்த பிறவி. கறுத்த உடம்பு, ஒடுங்கிய நீள மூஞ்சி, ஒவ்வொரு கண்ணுக்கு மேலேயும் புளியங்கொட்டை அளவில் ஒரு செம்பழுப்புப் பொட்டு. "நாலு கண்ணு நாய்" என்று ஊரில் சொல்வார்களே, அந்த வகை. இடது காதின் நுனியில் முக்கோணமாக ஒரு துண்டு இருக்காது. தோட்டத்துக்குள் இறங்கிய காட்டுப்பன்றி கொடுத்த பரிசு அது.

தம்பி மகள் கோயம்புத்தூரில் படிக்கிறாள். போன கிறிஸ்துமஸுக்குப் பரீட்சை இருக்கிறது, வர முடியாது என்று சொல்லிவிட்டாள். போனில் பெற்றவர்களை விசாரித்ததைவிட மணியை விசாரித்ததுதான் அதிகம். சரி, இவளுக்கு மணியின் மூஞ்சியையே வாழ்த்து அட்டையில் தைத்து அனுப்புவோம் என்று உட்கார்ந்தேன். முப்பத்திரண்டு வருஷம் தையல் டீச்சராக இருந்தவள், தையல் லோயர், ஹையர் இரண்டும் பாஸ் செய்தவள். ஒரு நாய் மூஞ்சி என்ன பெரிய வித்தை என்ற நினைப்பு.

பத்து நாள் தைத்தேன். தம்பி பாளையங்கோட்டைக்கு வந்தபோது எடுத்துக் காட்டினேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு நிதானமாகப் பார்த்துவிட்டுச் சொன்னான்: "நாய் நல்லாத்தான் இருக்குக்கா. யாரு வீட்டு நாய் இது?"

காதுதான் கோளாறு. கிழிந்த காதை நான் முழுசாகத் தைத்து வைத்திருந்தேன். காலமெல்லாம் பிள்ளைகளின் தையலைத் திருத்திய கை, நாயின் காதையும் திருத்திவிட்டது. போதாததற்கு உடம்பு முழுக்க ஒரே கறுப்பு நூல், அதுவும் இரட்டை இழை. தோசைக்கல்லுக்குக் கண் வைத்தமாதிரி இருந்தது.

இரண்டாவது தடவை தைத்ததைத்தான் அனுப்பினேன். அதைத் தைத்த விதத்தை இங்கே எழுதுகிறேன். சங்கிலித் தையல், காம்புத் தையல் அளவுக்குக் கை பழகியிருந்தால் போதும். மிச்சம் பொறுமை. நாளுக்கு ஒன்றரை மணி நேரம் வீதம் எனக்குப் பதினெட்டு நாள் ஆனது. ஆகவே டிசம்பர் 20ஆம் தேதி ஆரம்பித்துவிட்டு என்னைத் திட்டாதீர்கள்.

முதலில் போட்டோ

நின்றபடி குனிந்து எடுத்த போட்டோவில் எந்த நாயும் தவளைதான். தரையில் உட்காருங்கள். போன் நாயின் கண் மட்டத்துக்கு வர வேண்டும். ரொம்பக் கிட்டே போனால் மூக்கு பெருத்துக் கண் சிறுத்துவிடும். கன்னி, சிப்பிப்பாறை மாதிரி நீள மூஞ்சி நாய்களுக்கு இது இன்னும் மோசம். நாலைந்து அடி தள்ளி உட்கார்ந்து ஜூம் பண்ணுங்கள். நேர்முகத்தைவிடக் கொஞ்சம் பக்கவாட்டில் திரும்பிய முகம்தான் இந்த வகை நாய்க்கு எடுக்கும். நேராக எடுத்தால் அந்த நீள மூஞ்சி முழுக்க மூக்குக்குப் பின்னால் ஒளிந்துகொள்ளும்.

பிளாஷ் வேண்டவே வேண்டாம். கண் பச்சையாக எரியும். உச்சி வெயிலும் வேண்டாம். நம்ம ஊர் வெயிலில் கறுப்பு ரோமம் ஒரு பக்கம் கரி, மறுபக்கம் வெள்ளித் தகடு. காலை ஏழு, எட்டு மணிக்கு, திண்ணை நிழலில், ஒரு பக்கத்திலிருந்து வெளிச்சம் விழும்படி எடுங்கள். மணி ஒரு இடத்தில் நிற்கிற சாதி இல்லை. தம்பி பொண்டாட்டி என் தலைக்கு மேலே கருவாட்டுத் துண்டைப் பிடித்துக்கொண்டு நின்றாள். நாற்பது படம் எடுத்ததில் மூன்று தேறியது.

தேறியதை ஜெராக்ஸ் கடையில் கலரில் ஒன்று, கறுப்பு வெள்ளையில் இரண்டு எடுத்துக்கொள்ளுங்கள். தாடையிலிருந்து காது நுனி வரை ஆறு சென்டிமீட்டர் வருகிறமாதிரி அளவு சொல்லுங்கள். அட்டையில் வரப்போகிற அளவும் அதுதான். கறுப்பு வெள்ளைப் பிரதி எதற்கு என்றால், எது வெளிச்சம், எது நிழல் என்று அதில்தான் தெரியும். கலரில் பார்த்தால் நிறம் நம்மை ஏமாற்றிவிடும்.

அப்புறம் போட்டோவை மடித்து வைத்துவிட்டு நாயிடம் போய் உட்காருங்கள். அதற்கு மட்டுமே உள்ள அடையாளம் மூன்றை ஒரு தாளில் எழுதுங்கள். நான் எழுதியது இது: இடது காது கிழிசல். வலது பொட்டு இடதைவிடப் பெரிசு, கொஞ்சம் சரிவு. தாடையில் நரை, வயசு ஒன்பது. தைக்கும்போது எது தப்பினாலும் இந்த மூன்றும் தப்பக் கூடாது. முதல் தடவை நான் விட்டது இந்த வேலையைத்தான்.

துணி, நூல், ஊசி

துணிக்கு நெருக்கமாக நெய்த காடா எடுங்கள். பாப்ளினும் ஆகும். மல் துணியில் தைத்தால் பின்பக்கம் ஓடுகிற கறுப்பு நூல் முன்னால் நிழலாகத் தெரியும். ஆனால் காடாவுக்கு அடியில் ஒரு தாங்குதுணியாக மல் நல்லது. இரண்டையும் சேர்த்து, துணியை இறுக்கிப் பிடிக்கிற எம்பிராய்டரி வளையமான ரிங்கில் மாட்டினால், நெருக்கித் தைக்கும்போது துணி சுருக்கம் வாங்காது. பத்து அங்குலச் சதுரம் போதும். வெட்டுவதற்கு முன்னால் நனைத்துக் காயப்போட்டு இஸ்திரி போட்டுவிடுங்கள். தைத்த பிறகு துணி சுருங்கினால் நாய்க்கு ஒரே நாளில் கிழடு தட்டிவிடும்.

ரிங் ஆறு அங்குலம், மரத்தில். உள்வளையத்தில் பருத்தி நாடாவைச் சுற்றித் தைத்துவிட்டால் துணி வழுக்காது. விரலால் சுண்டினால் பறை மாதிரி ஒலிக்க வேண்டும். ராத்திரி வேலை முடிந்ததும் கழற்றி வையுங்கள், இல்லாவிட்டால் வட்டத் தடம் அழுந்திவிடும்.

நூல், எம்பிராய்டரி நூல் கட்டு. ஒரு கட்டு எட்டு மீட்டர், ஆறு இழை. இதில் ஒரே ஒரு இழையைத்தான் ஊசியில் கோக்கப் போகிறோம். பத்தமடையில் கோரை கீறுவதைப் பார்த்தவர்களுக்கு நான் சொல்வது சட்டென்று புரியும். சாதாரணப் பாய்க்கும் பட்டுப் பாய்க்கும் கோரை ஒன்றுதான். எவ்வளவு மெல்லிசாகக் கீறுகிறார்கள் என்பதில்தான் இருக்கிறது சங்கதி. ஒரு முழம் நூல் வெட்டி, நுனியில் ஒரு இழையைப் பிடித்து நேர் மேலே உருவுங்கள். இரண்டு மூன்றாக இழுத்தால் சிக்கிக்கொள்ளும். முழத்துக்கு மேல் நீளம் வேண்டாம். துணிக்குள் போய்ப் போய் வருவதில் நூல் பஞ்சு எழும்பி மினுக்கம் போய்விடும்.

ஊசி 9 அல்லது 10 நம்பர். எண் கூடக்கூட ஊசி மெலியும். கோப்பதற்குக் கண் தெரியவில்லை என்று 7 நம்பரில் தைத்தீர்களானால், நரைத்த தாடையில் அம்மைத் தழும்பு விழுந்தமாதிரி ஓட்டை தெரியும்.

இனி நிறம். கறுப்பு நாய்க்குக் கறுப்பு நூல் கால்வாசிதான் வேண்டும் என்றால் கடைக்காரர்கூட நம்புவதில்லை. மணியை வெயிலோரம் நிறுத்திப் பாருங்கள். நெற்றி மேட்டில் வானத்து வெளிச்சம் விழுந்து நீலம் கலந்த சாம்பல். கழுத்தில் வெயில் படுகிற இடம் காப்பிக்கொட்டைப் பழுப்பு. காதின் உட்குழியிலும் தாடைக்கு அடியிலும் மட்டும்தான் நிஜமான கறுப்பு. நான் எடுத்தவை டிஎம்சி கம்பெனி நூல் எண்ணில் இவை: கறுப்பு 310, கறும்பழுப்பு 3371, அடர்சாம்பல் 3799, நடுச்சாம்பல் 414, வெளிர்சாம்பல் 762. பொட்டுக்கும் மூஞ்சிப் பக்கத்துக்கும் பழுப்பில் 433, 434, 436, வெளிச்சம் படும் இடத்துக்கு 738. அப்புறம் வெள்ளை. எங்கள் பக்கத்து பேன்சி ஸ்டோரில் எளிதாகக் கிடைப்பது ஆங்கர் கம்பெனி நூல்தான். அதில் கறுப்பு 403. மற்றதைக் கடை வாசலுக்குக் கொண்டுவந்து பகல் வெளிச்சத்தில் போட்டோவோடு ஒத்துப்பாருங்கள். டியூப்லைட்டுக்கு அடியில் 3371-உம் 310-உம் இரட்டைப் பிள்ளைகள்.

சாயம் ஓடுமா என்று சோதிக்காமல் எந்த நூலையும் தொடாதீர்கள். எனக்கு இந்தப் பாடத்தைச் சொல்லிக்கொடுத்தது 2023 டிசம்பர் 17, 18 மழை. அப்போது திருநெல்வேலி வண்ணாரப்பேட்டையில் குடியிருந்தேன். வீட்டுக்குள் முழங்கால் தண்ணீர். கட்டிலுக்கு அடியில் இருந்த நூல் பெட்டி இரண்டு நாள் ஊறிக் கிடந்தது. திறந்து பார்த்தால் பேர்பெற்ற கம்பெனி நூலெல்லாம் சேறு பட்டிருந்ததே தவிர நிறம் அப்படியே இருந்தது. கலர் கியாரண்டி என்று ஒரு கடையில் தலையில் கட்டிய மலிவுச் சிவப்பு மட்டும் பக்கத்தில் இருந்த வெள்ளை, மஞ்சள் எல்லாவற்றையும் தன் ஜாதியில் சேர்த்திருந்தது. கழுத்துப் பட்டைக்குச் சிவப்பு வைக்கிறவர்கள் ஒரு விரல் நீளம் நூலை நனைத்து, வெள்ளைத் துணியில் வைத்து அழுத்திப் பாருங்கள். துணியில் கறை பட்டால் அந்த நூல் அரிசிப்பை கட்ட உதவும்.

படத்தைத் துணியில் ஏற்றுவது

ஜன்னல் கண்ணாடியில் படத்தை ஒட்டி, மேலே துணியை ஒட்டி, பின்னால் வெளிச்சம் இருக்கும்போது கூர்மையான பென்சிலால் வரையுங்கள். கார்பன் தாள் வேண்டாம். வெள்ளை நூலுக்கு அடியிலிருந்து எட்டிப் பார்க்கும். சூடு பட்டால் மறைகிற பேனாவை வைத்துப் பிள்ளைகள் வரைகிறார்கள். குளிர் பட்டால் அந்தக் கோடு சில சமயம் திரும்பி வரும் என்பதால் எனக்கு அதில் பிடித்தம் இல்லை.

வெளிக்கோடு, கண், மூக்கு, வாய், கறுப்பும் பழுப்பும் சந்திக்கிற எல்லை, இவ்வளவு போதும். இதோடு இன்னொன்று: ரோமம் எந்தப் பக்கம் படுத்திருக்கிறது என்று சின்னச் சின்ன அம்புக்குறி போடுங்கள். மூக்குத் தண்டில் ரோமம் மூக்கிலிருந்து நெற்றியைப் பார்த்து ஓடும். கண்ணைச் சுற்றி விசிறி மாதிரி பிரியும். கன்னத்தில் காதைப் பார்த்துப் போகும். கழுத்தில் கீழே இறங்கும். உங்களுக்குச் சந்தேகம் வந்தால் நாயைத் தடவிப் பாருங்கள். எந்தப் பக்கம் தடவினால் அது கண்ணை மூடிச் சுகமாக நிற்கிறதோ, அந்தப் பக்கம்தான் நூலும் ஓட வேண்டும்.

தைக்க ஆரம்பிக்கலாம்

தூரத்தில் இருப்பதை முதலில் தைக்க வேண்டும், கிட்டே இருப்பதைக் கடைசியில். அப்போதுதான் கிட்டே உள்ள ரோமம் தூரத்து ரோமத்தின்மேல் படியும். பக்கவாட்டில் திரும்பிய முகத்தில் அந்தப் பக்கத்துக் காது முதலில், அப்புறம் இந்தப் பக்கத்துக் காது. அடுத்து கண். பிறகு நெற்றி, கன்னம், கழுத்து. மூக்கும் தாடையும் கடைசி. கண்ணை ஏன் இவ்வளவு சீக்கிரம் வைக்கிறேன் என்றால், கண் கோணினால் அந்தத் துணியைத் தூக்கிப் போடத்தான் வேண்டும். மூன்றாம் நாளில் தூக்கிப் போடுவது பதினைந்தாம் நாளில் தூக்கிப் போடுவதைவிட வயிற்றெரிச்சல் குறைவு.

வெளிக்கோட்டில் முதலில் பிளவுத் தையல் போடுங்கள். ஒரு தையல் போட்டு, அடுத்த தையலில் முந்தின நூலின் நடுவைப் பிளந்துகொண்டு ஊசி மேலே வரும், அவ்வளவுதான். இதன்மேல் ரோமத் தையல் ஏறி இறங்கும்போது ஓரம் வெட்டினமாதிரி நிற்கும்.

ரோமத்துக்கு லாங் அண்ட் ஷார்ட், அதாவது நெட்டையும் குட்டையுமாகப் போடுகிற தையல். வகுப்பில் ரோஜா இதழுக்குச் சொல்லிக்கொடுப்போமே அதேதான், ஆனால் இதழில் செய்கிறமாதிரி ஒழுங்காக ஒன்று நெட்டை, ஒன்று குட்டை என்று எண்ணித் தைத்தால் நாய் சீப்பு வாரிக்கொண்ட மாப்பிள்ளை ஆகிவிடும். அளவு கலைந்து இருக்க வேண்டும். முதல் வரிசை ஓரத்திலிருந்து உள்ளே. இரண்டாவது வரிசையில் ஊசி முதல் வரிசை நூலைப் பிளந்து மேலே வந்து, வெறும் துணியில் இறங்க வேண்டும். நூலுக்கும் நூலுக்கும் இடையில் சும்மா செருகினால் இடுக்கு தெரியும். பிளந்து வந்தால் எங்கே முடிந்தது, எங்கே தொடங்கியது என்று தெரியாது. தையல் நீளம் மூக்குத் தண்டில் இரண்டு மில்லிமீட்டர், நெற்றியில் நாலு, கழுத்தில் ஆறு. மணி வழவழ ரோமக்காரன். உங்கள் வீட்டில் இருப்பது சடைநாய் என்றால் கழுத்தில் பத்து மில்லிமீட்டர்கூடப் போகலாம்.

நிறம் மாற்றும்போது ஒரு நிறத்தை முடித்துவிட்டு அடுத்ததற்குப் போகாதீர்கள். மூன்று நாலு ஊசியில் மூன்று நாலு நிறம் கோத்து ரிங் ஓரத்தில் குத்தி வைத்துக்கொண்டு, அடர்சாம்பலுக்குள் நாலு கறுப்பு, கறுப்புக்குள் இரண்டு கறும்பழுப்பு என்று விரவ வேண்டும். பொட்டு கறுப்பைச் சந்திக்கிற இடத்தில் கோடு விழவே கூடாது. அங்கே பழுப்பு மயிர் ரெண்டு கறுப்புக்குள் போகும், கறுப்பு மயிர் ரெண்டு பழுப்புக்குள் வரும். நான் அந்த வலது பொட்டை மூன்று தடவை பிரித்தேன். சரிவு வரவில்லை. கடைசியில் ரிங்கைத் தலைகீழாகத் திருப்பி வைத்துத் தைத்தபோதுதான் வந்தது. தலைகீழாக இருந்தால் அது பொட்டு என்பது மறந்து, வெறும் உருவமாகத் தெரிகிறது.

கிழிசல் காதுக்கு வருவோம். அந்த ஓரத்தில் ரோமம் கிடையாது, தழும்பின் தோல் மட்டும். ஆகவே அங்கே ரோமத் தையலை ஓரத்துக்கு முன்னாலேயே நிறுத்திவிட்டு, 414 சாம்பலில் ஒரு இழை பிளவுத் தையல் மட்டும் ஓட்டினேன். மொத்தம் ஒன்பது தையல். பதினெட்டு நாள் வேலையில் இந்த ஒன்பது தையலுக்குத்தான் தம்பி மகள் போனில் அழுதாள்.

கண்

ஆறு சென்டிமீட்டர் முகத்தில் கண் நாலு மில்லிமீட்டர்தான் வரும். அதற்குள் என்னென்ன இருக்கிறது பாருங்கள். சுற்றிலும் கறுத்த இமை விளிம்பு. 310-இல் பிளவுத் தையலாக அதை முதலில் போடுங்கள். உள்ளே கருவிழி வட்டம் பழுப்பு. மேல்பாதியில் இமையின் நிழல் விழுவதால் 433, கீழ்பாதியில் 434, அடியோரத்தில் ஒரே ஒரு தையல் 436. இந்த ஒரு தையல்தான் கண்ணைக் கண்ணாடி மாதிரி ஆழமாகக் காட்டும். நடுவில் பாவை, கறுப்பு, மூன்று நாலு தையல் நெருக்கமாக.

கண்ணின் வெள்ளை என்று ஓரத்தில் எதுவும் வைக்காதீர்கள். நாய்க்குப் பெரும்பாலும் அது வெளியே தெரிவதில்லை. வைத்தால் மனுஷன் முழிக்கிறமாதிரி இருக்கும். பார்க்கப் பயமாக இருக்கும், நிஜமாகச் சொல்கிறேன். கீழ் இமையை ஒட்டி வெளிர்சாம்பலில் மயிரிழையாக ஒரு தையல் போட்டால் ஈரம் வந்துவிடும்.

கடைசியில் ஒளிப்புள்ளி. வெள்ளை ஒற்றை இழை, ஒரு மில்லிமீட்டர், பாவையும் பழுப்பும் தொடுகிற இடத்தில், மேல்பக்கமாக. கடிகாரத்தில் பத்து மணி இருக்கிற இடம் என்று வைத்துக்கொள்ளுங்கள். இரண்டு கண்ணிலும் பத்து மணியாகவே இருக்க வேண்டும். ஒன்றில் பத்து, ஒன்றில் இரண்டு என்று வைத்தால் மாறுகண். முடிச்சுத் தையல் போடலாமா என்று பிள்ளைகள் கேட்பார்கள். வேண்டாம், அது அரிசிமணி மாதிரி புடைத்து நிற்கும். இந்த வெள்ளையைக் குத்துகிற வரை நீங்கள் துணியில்தான் தைத்துக்கொண்டிருப்பீர்கள். குத்தி நூலை இழுத்ததும் அது உங்களைப் பார்க்கும். நான் ரிங்கைக் கீழே வைத்துவிட்டு எழுந்துபோய்த் தண்ணீர் குடித்துவிட்டு வந்தேன்.

மூக்கில் தையல் குட்டை குட்டையாக, பல திசையில் கிடக்க வேண்டும், சொரசொரப்பு வருவதற்காக. மேல்விளிம்பில் கொஞ்சம் 414, துவாரம் முழுக் கறுப்பு. தாடை நரையை எல்லாம் முடிந்த பிறகு, கறுப்பின்மேலேயே 762-இல் பத்துப் பதினைந்து தனித்தனி மயிராக இழுத்து விடுங்கள். பூனை வைத்திருப்பவர்கள் மீசையையும் இந்தக் கடைசிக் கட்டத்தில்தான் வைக்க வேண்டும். எம்பிராய்டரி நூலைவிடச் சாதாரண வெள்ளைத் தையல் நூல் மீசைக்கு விறைப்பாக நிற்கும்.

பின்பக்கம்

என் ஆச்சிக்கு ஊர் இடையன்குடி. கால்டுவெல் ஐயருடைய மனைவி எலிசா அம்மா அங்கே பெண்களுக்கு லேஸ் பின்னக் கற்றுக்கொடுத்தார்கள். எலிசா அம்மாவின் தாயார் மார்த்தா மால்ட் நாகர்கோவிலில் ஏற்கெனவே தொடங்கியிருந்த வேலை அது. அந்தக் கை ஆச்சி வரைக்கும் வந்தது. திண்டின்மேல் குண்டூசி குத்தி, மரக்குச்சிகளில் சுற்றிய நூலை மாற்றி மாற்றிப் போட்டுப் பின்னுவாள். லேஸுக்கு உள்பக்கம், வெளிப்பக்கம் என்று கிடையாது. ஆகவே நான் சின்னப் பிள்ளையாக எம்பிராய்டரி தைத்துக்கொண்டு போனால் முன்னால் பார்க்கவே மாட்டாள். வாங்கியதும் திருப்புவாள். "என்னட்டி இது, முன்னால மகாராணி, பின்னால குப்பைமேடு" என்பாள்.

சுவரில் மாட்டுகிற படத்துக்குப் பின்பக்கம் எப்படி இருந்தாலும் ஒன்றும் ஆகாது. அட்டைக்கு அப்படி இல்லை. பின்னால் ஒரு முடிச்சு இருந்தாலும் இரண்டு அட்டைக்கு நடுவில் நசுங்கி, முன்னால் கொப்புளமாகத் தெரியும். அதனால் முடிச்சே போடாதீர்கள். நூல் தொடங்கும்போது, பின்னால் ரோமம் மூடப்போகிற இடத்தில் இரண்டு குட்டித் தையல் போட்டுப் பிடித்துக்கொள்ளுங்கள். முடிக்கும்போது பின்பக்கத் தையல்களுக்குள் ஊசியை நுழைத்து இழுத்து ஒட்ட வெட்டுங்கள். ஒரு காதிலிருந்து மறு காதுக்கு நூலைத் தாவ விடாதீர்கள்.

தைத்து முடிந்ததும் குளிர்ந்த தண்ணீரில் கொஞ்சம் சோப்புக் கரைசல் விட்டு அலசி, பிழியாமல் டவலில் உருட்டி ஈரம் எடுங்கள். தடித்த டர்க்கி டவலை நாலாக மடித்து, தைத்த முகம் கீழே இருக்கும்படி அதன்மேல் வைத்து, முதுகுப் பக்கமாக இஸ்திரி போடுங்கள். முன்பக்கம் பெட்டி பட்டால் அத்தனை ரோமமும் படுத்துவிடும்.

அட்டை

ஸ்டேஷனரி கடையில் 300 ஜிஎஸ்எம் அட்டை, ஏ3 அளவு கேளுங்கள். சார்ட் பேப்பர் துவண்டுவிடும். 31.5 சென்டிமீட்டர் நீளம், 14.8 உயரம் வெட்டினால் ஒரு ஏ3-இல் இரண்டு அட்டை கிடைக்கும். நீளத்தை 10.5 வீதம் மூன்று பகுதியாகப் பிரித்து, எழுதித் தீர்ந்த பால்பாயிண்ட் பேனாவால் ஸ்கேல் வைத்து அழுத்திக் கோடிழுத்துவிட்டு மடியுங்கள். மடிப்பு ஒடியாமல் விழும்.

நடுப்பகுதியில் ஏழு சென்டிமீட்டர் வட்ட ஜன்னல். டம்ளர் வாயை வைத்து வரைந்துகொள்ளலாம். வெட்டும்போது கட்டரைச் சுற்றாதீர்கள், கட்டரை ஒரே இடத்தில் பிடித்துக்கொண்டு அட்டையைச் சுற்றுங்கள். வட்டம் உங்களுக்குச் சரிப்படவில்லையென்றால் சதுரமே வெட்டுங்கள், குறைச்சல் ஒன்றும் இல்லை.

அட்டையின் உள்பக்கம் மேலே தெரியும்படி விரியுங்கள். ஜன்னல் ஓரத்தில் இருபக்க டேப் ஒட்டி, பத்து சென்டிமீட்டர் சதுரமாக வெட்டிய துணியை முகம் கீழாக வைத்து, ஒரு மூலையை மட்டும் ஒட்டிவிட்டுத் திருப்பிப் பாருங்கள். நாய் நடுவில் இருக்கிறதா, தலை சாய்ந்திருக்கிறதா என்று பார்த்த பிறகு மற்ற மூலைகள். துணியின் முதுகில் ஏழு சென்டிமீட்டர் வட்டமாக வெட்டிய பழைய பிளானல் ஒன்று வையுங்கள். மிச்சமிருக்கிற மேடு பள்ளமெல்லாம் அதற்குள் அமுங்கிவிடும். பிறகு இடது பகுதியை நடுவின்மேல் மடித்து ஒட்டி மூடுங்கள். அந்தப் பகுதியை மட்டும் இரண்டு மில்லிமீட்டர் குறைத்து வெட்டியிருந்தால் வெளியே துருத்தாது. வலது பகுதி அட்டையின் முதுகாகிவிடும், வாழ்த்து எழுத அதன் உள்பக்கம்.

பெவிகால் வைத்து ஒட்டினால் என்ன என்று கேட்பீர்கள். முதல் அட்டையில் வைத்தேன். நவம்பர் மழை, ஈரக்காற்று, காயவே இல்லை. அட்டை அப்பளம் மாதிரி வளைந்தது. பசை துணிக்குள் ஊறி முன்னால் ஈரத் திட்டாக நின்றது.

தபாலில் அனுப்பும்போது சாதாரண உறையில் போடாதீர்கள். முத்திரை குத்துகிறவர் கை எப்படி இருக்கும் என்று சொல்ல முடியாது. முகத்துக்கு மேலே ஒரு பட்டர் பேப்பர், இரண்டு பக்கமும் அட்டைப்பெட்டித் துண்டு, அப்புறம் உறை. பாளையங்கோட்டை தலைமைத் தபால் நிலையத்தில் ஸ்பீட் போஸ்ட்டில் அனுப்பினேன். எடை 50 கிராமுக்குள்தான் வந்தது.

இப்போது ரிங்கில் இருப்பது பக்கத்து வீட்டுப் பையன் கொடுத்த வேலை. ஏழாம் வகுப்பு படிக்கிறான். அவன் வளர்க்கிற கிடா, வெள்ளையில் செவலைத் திட்டு, ஒரு கொம்பு கொஞ்சம் உள்பக்கம் வளைவு. சாமிக்கு நேர்ந்துவிட்டது. "சித்திரைக் கொடைக்கு முன்னால முடிச்சிருவியளா டீச்சர்?" என்று கேட்டுவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டான். வாழ்த்து அட்டையா என்று கேட்டேன், சும்மா ஒரு அட்டை என்றான். ஆடு தைக்கிறவர்களுக்கு ஒன்று சொல்லிவிடுகிறேன். ஆட்டின் பாவை வட்டம் இல்லை, படுக்கை வாட்டத்தில் நீள்சதுரம். சுற்றிலும் வெளிர்ந்த தேன் நிறம். அந்தத் தேன் நிறத்துக்கு 738-உம் 436-உம் சரியாக இருக்கிறது. பாவைக்கு 310-இல் நாலு தையல், எல்லாம் படுக்கையாக. ஒளிப்புள்ளியை இன்னும் வைக்கவில்லை.